லைனில் இருக்கும் பிள்ளை

வங்கிக்குப் போன் எடுத்தால் முதலில் ஒரு குரல் வரும். "தமிழுக்கு இலக்கம் இரண்டை அழுத்தவும்" என்று சொல்லும். நீங்களும் நானும் பேசாமல் அழுத்திவிடுவோம். ஐரிஸ் ஜெபரட்ணம் அப்படியில்லை. "ஓம் பிள்ளை, அழுத்துறன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் அழுத்துவார். "நீங்கள் அழைத்த இலக்கம் தற்போது பாவனையில் இல்லை" என்று வந்தாலும் அவருக்குக் கோபம் வராது. "அதுக்கு நீ என்னம்மா செய்வாய்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வைப்பார்.

இதைக் கேட்டு அவருடைய கணவர் சிரிக்காத நாளில்லை. ஜெபரட்ணம் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசு முள்ளைத் தவிர உலகத்தில் வேறொன்றையும் நம்பாத மனிதர்.

"ஐரிஸ், அது றெக்கோட் பண்ணி வைச்ச குரல்" என்பார்.

"றெக்கோட் பண்ணேக்கை ஒரு பிள்ளை இருந்து கதைச்சிருப்பாள் தானே" என்பார் ஐரிஸ். அதற்கு மேல் ஜெபரட்ணத்தால் வாதாட முடிந்ததில்லை.

ஐரிஸ் இப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. இளம் வயதில் அவர் தபாற் கந்தோரில் ஒப்பரேட்டராக இருந்தவர். வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி, உடுவிலில் இருப்பவரைக் கொழும்பில் இருப்பவரோடு இணைத்துவிடும் வேலை. லைன் கிடைத்தால் ஒருவரும் நன்றி சொல்வதில்லை. கிடைக்காவிட்டால் அவரே கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி ஏசுவார்கள். முதுகு நோக மரக்கதிரையில் இருந்த அந்தக் காலத்தில், ஒரே ஒரு புகையிலை வியாபாரி மட்டும் கொழும்பு லைனுக்குக் காத்திருக்கும்போது, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்பாராம். அவருடைய முகத்தை ஐரிஸ் கண்டதே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. பிறகு நாட்டில் சண்டை வந்தது, கம்பிகள் அறுந்தன, எக்ஸ்சேஞ்சைப் பூட்டினார்கள். ஐரிஸை முத்திரை விற்கும் இடத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். என்ன மாறினாலும் ஒரு நம்பிக்கை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எந்த லைனிலும் மறுகரையில் ஒரு பிள்ளை இருப்பாள், அவளுக்கு முதுகு நோகும், அவளிடம் ஒருவரும் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

ஊருக்கெல்லாம் லைன் எடுத்துக் கொடுத்த இந்த மனிசிதான், தன்னுடைய ஒரே மகளோடு இரண்டு வருசமாகக் கதைக்காமல் இருந்தார்.

மகள் அபிகாயில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கூடப்படித்த கீர்த்திகனை விரும்பினாள். கீர்த்திகன் தென்மராட்சிப் பக்கத்துச் சைவக் குடும்பம். பொடியனில் ஒரு குறை சொல்ல முடியாது. படிப்பும் இருந்தது, பணிவும் இருந்தது. "சேர்ச்சிலை வைச்சுக் கலியாணம் எண்டால் வாறன்" என்று மட்டும் ஐரிஸ் சொன்னார். அவர்களோ ஜேர்மனிக்குப் போய், பிறேமனில் இருந்துகொண்டு, அங்கே உள்ள பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார்கள். நேரலையில் பார்க்கச் சொல்லி மகள் இணைப்பு அனுப்பியிருந்தாள். ஐரிஸ் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மல்லிகைப் பந்தலுக்குக் கீழே புல்லுப் பிடுங்கினார். ஜெபரட்ணம் பக்கத்து வீட்டில் போயிருந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவரிடம், ஐரிஸ் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சண்டை பிடித்திருந்தால் சமாதானமாகியிருக்கலாம். இவர்கள் சண்டையே பிடிக்கவில்லை. மகள் தகப்பனோடு கதைப்பாள். அவர் போனை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போவார். ஐரிஸ் குசினிக்குள் சட்டியைக் கொஞ்சம் சத்தமாக உரஞ்சுவார். அவள் தன்னைக் கேட்கட்டும் என்று தாய்க்கு வீம்பு, தாய் தன்னைத் தேடட்டும் என்று மகளுக்கு வீம்பு. போதகருக்கும் தெரியும், மாதர் ஜெபக்கூட்டத்துக்கும் தெரியும். பூனைக்கு யார் மணி கட்டுவது? குடும்பங்களின் ஒற்றுமைக்காகப் பொதுவாக ஜெபித்துவிட்டு எல்லோரும் தேத்தண்ணி குடித்துப் போனார்கள்.

அப்படியிருக்க ஒரு நாள், மாமரத்தடியிலிருந்து வந்த ஜெபரட்ணம் தூணைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளைக்கு இது எட்டாம் மாசமாம்."

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். மறுநாட் காலை ஐரிஸ் மல்லியும் மிளகும் நற்சீரகமும் வேர்க்கொம்பும் திப்பிலியும் வாங்கிவந்து முற்றத்தில் காயவைத்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைத்துக் கொடுக்காவிட்டால் உடம்பு தேறாது என்பது அவருடைய வேதத்தில் எழுதாத வசனம். வறுத்தார், இடித்தார், அரித்தார். தும்மித் தும்மி மூக்குச் சிவந்தது. அழுததை அந்தத் தும்மலுக்குள் மறைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் மூன்று பைகளுக்குள் கட்டி, மருதனார்மடச் சந்தியிலிருந்த கூரியர் கடைக்கு ஜெபரட்ணத்தோடு போனார்.

"அனுப்புறவையின்ரை பேர்?" என்று கடைக்காரர் கேட்டார்.

ஐரிஸ் கணவனைப் பார்த்தார். "இவரின்ரை பேரைப் போடுங்கோ. மெசேஜ் வாற நம்பர் என்ரை."

வெளியே வந்து, "நீங்கள் அவளுக்கு ஒண்டும் சொல்லப்படாது. வந்ததைக் கண்டு அவளாய் வாங்கட்டும்" என்று கட்டளையிட்டார். வாங்கினால் மகளின் மனதில் தாய்க்கு இன்னும் இடமிருக்கிறது, வாங்காவிட்டால் இல்லை. அதுதான் அவர் தனக்குள் போட்டுக்கொண்ட கணக்கு. ஜெபரட்ணம் தலையாட்டினார். வீட்டில் சமாதானம் நிலவ வேண்டுமானால் தலையாட்ட வேண்டும் என்பது அவர் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட ஒரே பாடம்.

அன்று பின்னேரமே போனுக்கு ஒரு இணைப்பு வந்தது. அதைத் தொட்டதும் ஒரு பெண்பிள்ளையின் சிரித்த படம் வந்தது. கீழே, "வணக்கம்! நான் மித்ரா. இன்று தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று எழுதியிருந்தது.

ஐரிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் எழுதினார்: "வணக்கம் பிள்ளை. நான் உடுவிலிலை இருந்து கதைக்கிறன். சாப்பிட்டாச்சோ?"

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. பொதி எங்குள்ளது என அறிய ஒன்றை அழுத்தவும்."

"பாவம். மேலதிகாரி பின்னாலை நிக்குது போலை" என்றார் ஐரிஸ். எக்ஸ்சேஞ்சிலும் அப்படித்தான். சொந்தக் கதை கதைத்தால் சுப்பவைசர் பென்சிலால் மேசையில் தட்டுவா. அதனால் ஐரிஸ் நல்ல பிள்ளையாக ஒன்றை அழுத்தினார். பொதி கொழும்பில் இருந்தது.

"அது மெசின், ஐரிஸ்" என்றார் ஜெபரட்ணம், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

"மெசினுக்கு ஏன் பொட்டு வைச்சிருக்கு?"

பொதி டுபாய்க்குப் போனது. பிறகு ஜேர்மனியில் லைப்சிக் என்ற இடத்துக்குப் போனது. போய், அங்கே இருந்துவிட்டது. ஐரிஸ் காலையும் மாலையும் மித்ராவிடம் கேட்டார். மித்ராவும் சலிக்காமல், "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்றாள். மூன்றாம் நாள் ஒரு கேள்வி வந்தது. பொதியில் உள்ளது என்ன? ஆவணம், ஆடை, உணவு, மருந்து, பரிசு. ஒன்றைத் தெரிவு செய்யவும்.

சரக்குத்தூள் என்ன? ஆவணம் இல்லை, ஆடை இல்லை. பரிசு என்றால் சுற்றிய தாளில் பூப்போட்டிருக்க வேண்டும். உணவு? அதை வெறும் வாயில் யார் தின்பார்கள்? பிள்ளை பெற்ற உடம்பின் காய்ச்சலையும் காற்றையும் எடுப்பது எதுவோ அது மருந்துதானே. ஐரிஸ் மனச்சாட்சிப்படி "மருந்து" என்பதை அழுத்தினார்.

"மருந்தைப் பரிந்துரைத்த மருத்துவரின் பெயரைக் குறிப்பிடவும்" என்றாள் மித்ரா.

ஐரிஸ் யோசித்தார். பொய் சொல்ல அவரால் ஏலாது. "என்ரை அம்மா, ஞானம்மா. அவ மோட்சத்துக்குப் போய் இருவது வருசம்" என்று எழுதினார்.

"நன்றி. தாங்கள் குறிப்பிட்ட மருத்துவரை எமது அலுவலர்கள் விரைவில் தொடர்புகொள்வர்."

இதை வாசித்துக் காட்டியபோது ஜெபரட்ணத்துக்குப் புரையேறிவிட்டது. "மாமியோடை கதைக்கப் போகினமாம். லைன் கிடைச்சா எனக்கும் ஒருக்கால் தரச்சொல்லும். அவ எனக்குத் தாறன் எண்டு சொன்ன பசுமாடு இன்னும் வரேல்லை." ஐரிஸ் முறைத்துப் பார்க்க, தும்முவது போல நடித்தார்.

மருத்துவரைத் தேடி மித்ராவின் அலுவலர்கள் எங்கெல்லாம் அலைந்தார்களோ தெரியாது, பொதி மட்டும் லைப்சிக்கை விட்டு அசையவில்லை. வியாழக்கிழமை மாதர் ஜெபக்கூட்டத்தில் ஐரிஸ் விசயத்தைச் சொன்னார். யாருக்குப் பொதி என்று சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. சரக்கு உணவா மருந்தா என்று பெண்கள் கூடிக் கதைத்தார்கள். வேதபாடம் அன்று நடக்கவில்லை. கடைசியில் கூட்டத்தின் மூத்தவரான சீவரத்தினம் ரீச்சர், "சட்டிக்குள்ளை போய் வாய்க்கு வாறதெல்லாம் சாப்பாடு" என்று தீர்ப்பு வழங்கினார். ஐரிஸ் அந்த இடத்திலேயே போனை எடுத்து "உணவு" என்று மாற்றினார்.

பிறகு ஜெபக்குறிப்புகள் கேட்டபோது, "லைனிலை மித்ரா எண்டு ஒரு பிள்ளை. இராப்பகலாய் வேலை வாங்கினம். எப்ப கேட்டாலும் பதில் சொல்லுது. ஒருநாளும் சினக்கேல்லை. அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபிக்கோணும்" என்றார்.

கூட்டத்தில் ஜெயனி என்ற இளம் பெண் இருந்தாள். காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்பவள், இந்த மித்ராக்களின் வண்டவாளம் தெரிந்தவள். அவள் வாயைத் திறந்தாள். ஐரிஸின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய முறை வந்தபோது, "ஆண்டவரே, சகோதரி மித்ராவுக்கு இளைப்பாறுதல் கொடும்" என்று கண்ணை மூடி ஜெபித்தாள். நல்ல பிள்ளை.

பொதி லைப்சிக்கை விட்டுப் புறப்பட்டது. ஜெபத்தாலா, உணவு என்று மாற்றியதாலா என்று கேட்டால், ஐரிஸ் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர். அன்று முழுக்க அவர் வேலை செய்யவில்லை. "பிறேமன் வந்தடைந்தது" என்றது போன். "விநியோகத்துக்காக வெளியே எடுத்துச் செல்லப்பட்டது" என்றது. ஐரிஸ் போனை ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தார். அங்கே மழையோ, வெயிலோ, மகள் மாடியில் இருக்கிறாளோ, படியேறி வருகிறவனுக்கு மூச்சு வாங்குமோ என்று என்னென்னவோ நினைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்தி வந்தது. "விநியோகம் நிறைவேறவில்லை. காரணம்: பெறுநர் மறுத்துவிட்டார்."

ஐரிஸ் அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டார். ஜெபரட்ணம் போனை வாங்கிப் பார்த்தார். "இது பிழையாய்க் கிடக்கும். செத்த மாமியைத் தேடின ஆக்கள் தானே. அவன் பெல் அடிச்சிருப்பான், பிள்ளை எழும்பி வரப் பிந்தியிருக்கும். மறுத்திட்டா எண்டு ஒரு பொத்தானை அமத்திப்போட்டுப் போயிருப்பான்."

ஐரிஸ் கேட்கவில்லை. இரண்டு வருசமாக நெஞ்சுக்குள் இருந்த பயத்துக்குப் பதில் வந்துவிட்டது. மகளின் மனதில் தனக்கு இடமில்லை. வறுத்ததும் இடித்ததும் தும்மியதும் வீண். அழுகை அடைத்துக்கொண்டு வந்தது, அதை மறைக்க இப்போது தூளும் இல்லை.

ஜெபரட்ணம் என்ன செய்வதென்று தெரியாமல் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது. ஐரிஸ் தனியாக இருந்தார். தனியாக என்றால் போனோடு. சிரித்த முகத்தோடு மித்ரா காத்திருந்தாள்.

அந்த ஒற்றை விரல் எழுதத் தொடங்கியது. "பிள்ளை, அது என்ரை மகள். அவளின்ரை கலியாணத்துக்கு நான் போகேல்லை. போனிலை பாக்கச் சொன்னவள், அதையும் பாக்கேல்லை. இப்ப அவளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. நான் என்ன செய்யட்டும்?" கட்டிய கணவனிடமும் போதகரிடமும் கேட்காத கேள்வி. முகம் தெரியாத ஒப்பரேட்டரிடம் கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அந்தக் காலத்தில் அவரிடமும் எத்தனையோ பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

மித்ரா யோசிக்கிற மாதிரி மூன்று புள்ளிகள் துடித்தன. பிறகு பதில் வந்தது.

"தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து பெறுநரை நேரடியாகத் தொடர்புகொள்ளவும்."

ஐரிஸ் அதை வாசித்தார். மறுபடி வாசித்தார். பொதி மறுக்கப்பட்ட எல்லோருக்கும், ஓட்டோ உதிரிப்பாகம் அனுப்பியவனுக்கும், புடைவை அனுப்பியவளுக்கும், இதே வசனம்தான் போயிருக்கும். ஐரிஸுக்கு அது தனக்கென்றே வந்த வார்த்தை. டுபாயிலும் லைப்சிக்கிலும் இவ்வளவு கரைச்சல் பட்ட ஒரு பிள்ளை கடைசியாக ஒன்று கேட்கிறது. அதைத் தட்டிவிட ஐரிஸுக்கு மனம் வரவில்லை. மகளின் இலக்கத்தை எடுத்தார்.

இரண்டு தரம் மணி அடித்தது. எடுபட்டது.

"மகள்" என்றார் ஐரிஸ். எத்தனையோ பேரை இணைத்துவிட்ட குரல் அந்த ஒரு சொல்லுக்கு மேல் போக மறுத்தது.

"அம்மாவோ?"

"ஓம். பார்சல் ஒண்டு வந்ததெல்லோ."

"வந்தது."

"நீ வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாய் எண்டு வந்திருக்கு. பிழையாய்த்தான் வந்திருக்கும் எண்டு அப்பா சொல்லுறார்."

"பிழையில்லை அம்மா. நான் தான் வேண்டாம் எண்டனான்."

மகள் தொடர்ந்தாள். "கதவைத் திறக்கவே சரக்குத்தூள் மணந்தது. பேரைப் பார்த்தன். அப்பாவின்ரை பேர் கிடந்தது. உங்களுக்குத் தெரியாமல் அப்பா ஆரிட்டையோ சொல்லி இடிப்பிச்சு, களவாய் அனுப்பியிருக்கிறார் எண்டு நினைச்சன். அம்மாவுக்கு ஒளிச்சு வாற சரக்கு எனக்கு வேண்டாம் எண்டு அவனைப் போகச் சொல்லிப்போட்டன். போனாப்பிறகு இருந்து அழுதனான்."

தராசு முள்ளை நம்புகிற ஜெபரட்ணம் பிழை என்றார். செத்த மாமியைத் தேடி அலைந்த மெசின் இந்த ஒருமுறை சரியாகத்தான் சொல்லியிருந்தது. பிழை எங்கே நடந்தது என்றால், மருதனார்மடச் சந்தியில், தன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்ட இடத்தில் நடந்தது.

"நான் தான் வறுத்தனான்" என்றார் ஐரிஸ். "நான் தான் இடிச்சனான். வெக்கத்திலை அவரின்ரை பேரைப் போட்டன். நான் வந்திருக்கோணும் மகள், உன்ரை கலியாணத்துக்கு. வராதது பிழை."

மகள் அழுதாள். தாயும் அழுதார். மாட்டுக் கொட்டிலடியில் வாளியோடு நின்ற ஜெபரட்ணம், இங்கே வருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்.

"அம்மா" என்றாள் அபிகாயில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உங்கடை பேரைப் போட்டு அனுப்புங்கோ. படியிறங்கிப் போய் நானே வாங்குறன்."

"நீ படியொண்டும் இறங்காதை. அவரை இறங்கச் சொல்லு" என்றார் ஐரிஸ். அந்த "அவர்" கீர்த்திகன். மருமகனை அவர் முதன்முதலாகச் சொல்லிலே சேர்த்துக்கொண்ட இடம் அதுதான்.

பொதியைக் கூரியர்காரர் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. மீள விநியோகம் என்று ஒரு பொத்தான் இருந்தது. அனுப்புநர் பெயரை மாற்றலாமா என்று கேட்டபோது, மித்ரா வழக்கம்போலப் புரியவில்லை என்றாள், பிறகு எப்படியோ ஒரு கட்டம் திறந்தது. ஐரிஸ் அதில் தன் பெயரை எழுதினார். இன்னும் இடம் மிச்சமிருந்தது. பக்கத்தில் "அம்மா" என்றும் எழுதினார்.

இரண்டாம் முறை பொதி போன அன்று செய்தி சுருக்கமாக வந்தது. "ஒப்படைக்கப்பட்டது." அதற்குப் பின்னால் மகள் அனுப்பிய படம் வந்தது. மூன்று பைகளும் மேசையில் இருந்தன. பெரிய வயிற்றோடு அபிகாயில் ஒரு பையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்சுவர்க் கண்ணாடியில், படம் எடுக்கிற மருமகனின் பாதி முகமும் தெரிந்தது. ஐரிஸ் அந்தப் பாதி முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

கடைசியாக மித்ரா வந்தாள். சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று கேட்டாள். ஐரிஸ் ஐந்தையும் கொடுத்து, "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் பிள்ளை. நேரத்துக்குச் சாப்பிடு" என்று எழுதினார். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று பதில் வந்தது.

ஜெபரட்ணம் பக்கத்தில் இருந்து பார்த்தார். பொறுக்க முடியவில்லை. "ஐரிஸ், இப்பவாவது விளங்குதோ, அது மெசினெண்டு?"

"விளங்குது" என்றார் ஐரிஸ். போனை மடியில் வைத்தார். "ஆனா ஒண்டு கேக்கிறன். இந்த ரெண்டு வருசமாய், 'மகளோடை நேரை கதை' எண்டு எனக்கு ஒரு மனிசர் சொன்னதோ? போதகர் சொல்லேல்லை. ஜெபக்கூட்டம் சொல்லேல்லை." கணவனின் பக்கம் திரும்பினார். "நீங்களும் சொல்லேல்லை."

ஜெபரட்ணம் சிரிக்கவில்லை. தலையாட்டவும் இல்லை. மாமரத்தடியைப் பார்த்தார், அங்கே நின்று கதைத்த அத்தனை பின்னேரங்களும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு முறையாவது போனைக் கொண்டுவந்து மனிசியின் கையில் கொடுத்திருக்கலாம்.

அவர் எழுந்து குசினிக்குள் போனார். அன்று பின்னேரம் தேத்தண்ணி அவர்தான் போட்டார்.